கியூஎமுவில் ஒரே மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு: 15, 16 வந்தால் ஒரு கதை, 15, 15 வந்தால் வேறு கதை

தேவகோட்டையில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் லேப்டாப்பில் கியூஎமு வைத்து (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) ஒரு டெபியன் விஎம், அதாவது அப்படி உள்ளே ஓடும் மெஷின், ஓட்டுகிறார். அதை ரவுட்டராக்க வேண்டும். ஒரு கார்டு வெளியே இன்டர்நெட்டுக்கு, இன்னொரு கார்டு பின்னால் இருக்கும் இரண்டாவது விஎம்முக்கு. பழைய பாடம் ஒன்றில் இருந்த கட்டளையைப் போட்டாராம். உள்ளே இரண்டு கார்டும் வந்தன, 10.0.2.15, 10.0.2.16 என்று முகவரியும் வந்தது, ஆனால் இரண்டுமே இன்டர்நெட்டுக்குப் போகின்றன, பின்னால் உள்ள விஎம் மட்டும் எட்டவில்லை. வேறொரு பாடத்தைப் பார்த்து மாற்றினால் இரண்டு கார்டுக்கும் 10.0.2.15 என்றே வருகிறது. "அண்ணே, இதில் எது சரி? மூன்றாவதாக ஒரு கார்டு போட்டால் சரியாகுமா? பிரிட்ஜ் போடலாமா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டுமே சரியில்லை தம்பி. ஆனால் நீங்கள் எழுதிய எண்களே என்ன கோளாறு என்று சொல்லிவிட்டன. 15, 16 என்று வந்தால் இரண்டு கார்டும் ஒரே ஹப்பில் (எல்லா வயரும் ஒன்றுசேரும் பெட்டி) தொங்குகின்றன. 15, 15 என்று வந்தால் இரண்டும் தனித்தனி நெட்வொர்க்தான், ஆனால் இரண்டு நெட்வொர்க்குக்கும் ஒரே எண் வைத்திருக்கிறீர்கள். முதல் தவறை விட இரண்டாவது தவறு மேல். அதை ஒரு சொல்லில் திருத்திவிடலாம்.

கட்டளைகளை வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மற்றது எல்லாம் சுலபம். கியூஎமுவில் ஒரு நெட்வொர்க் கார்டு என்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு பாதி. கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்முக்குள், இருந்து பார்த்தால் தெரியும் கார்டு ஒரு பாதி. அதற்கு "டிவைஸ்" என்ற ஆப்ஷன். அந்தக் கார்டின் வயர் ஹோஸ்ட் (விஎம்மை ஓட்டும் நிஜ கம்ப்யூட்டர்) பக்கம் எங்கே போய்ச் சேருகிறது என்பது இன்னொரு பாதி. அதற்கு "நெட்டெவ்". கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். டிவைஸ் என்பது வாசல். நெட்டெவ் என்பது அந்த வாசல் திறக்கும் தெரு. இரண்டு வாசல் வைத்த வீட்டுக்கு எந்த வாசல் எந்தத் தெருவில் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குத்தான் ஐடி. நெட்டெவ்வுக்கு ஒரு ஐடி வைக்கிறோம், டிவைஸில் அதே ஐடியைக் குறிப்பிடுகிறோம். எத்தனை கார்டோ அத்தனை ஜோடி.

நீங்கள் முதலில் எடுத்த பாடத்தில் "-நெட் நிக்", "-நெட் யூசர்" என்று இருந்திருக்கும். அது பழைய முறை. அதில் ஐடி போட்டு ஜோடி சேர்ப்பது இல்லை. "-நெட்" என்று எழுதிய எல்லாவற்றையும் கியூஎமு தனக்குள்ளேயே ஒரு ஹப் வைத்து அதில் கோத்துவிடும். எந்த வாசலில் நுழைந்தாலும் கடைசியில் ஒரே வளவில் போய் நிற்பது போல. அதனால்தான் இரண்டு கார்டும் ஒரே டிஹெச்சிபியிடம் (முகவரி கொடுக்கும் சேவை) கை நீட்டி 15, 16 என்று வரிசையாக வாங்கிக்கொண்டன. அப்புறம் நீங்கள் "பின்பக்கம்" என்று நினைத்த கார்டும் இன்டர்நெட்டுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

முன்பு இதைத் தவிர்க்க "விலேன்=1", "விலேன்=2" என்று எழுதி ஹப்களைப் பிரிப்பார்கள். 2018-இல் வந்த கியூஎமு 3.0-இல் அதை எடுத்தே விட்டார்கள். அந்தச் சொல் இருக்கும் பாடத்தை அங்கேயே மூடிவிடுங்கள். சுவிட்சில் நாம் கட்டும் விலேனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. இதில் குழம்பி எத்தனை பேர் நேரத்தைத் தொலைத்திருப்பார்கள்! நானும் ஒருவன்.

இரண்டாவது பாடம் "-நெட்டெவ் யூசர்" என்று இரண்டு தடவை எழுதச் சொல்லியிருக்கும். யூசர் என்பது ரூட் அனுமதி எதுவும் கேட்காமல், கியூஎமு தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு குட்டி ரவுட்டர். அதன் பின்னால் இருப்பது ஸ்லர்ப் என்ற நிரல். சும்மா விட்டால் அது 10.0.2.0/24 என்ற நெட்வொர்க்கைப் போடும். கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கித் தருவது) 10.0.2.3, கெஸ்ட்டுக்குக் கொடுக்கும் முதல் முகவரி 10.0.2.15. இரண்டு யூசர் போட்டால் இரண்டு குட்டி ரவுட்டர். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. இரண்டும் தன் கணக்கில் முதல் ஆள் என்று 15-ஐத் தூக்கிக் கொடுக்கும். கெஸ்ட் லினக்ஸுக்கோ இரண்டு கார்டிலும் ஒரே நெட்வொர்க், ஒரே கேட்வே. பாக்கெட்டை எதன் வழியாக அனுப்புவது என்று அதற்குத் தெளிவாகத் தெரிய வழியே இல்லை. உண்மையிலேயே இரண்டு யூசர் வேண்டும் என்றால் இரண்டாவதில் "நெட்=10.0.3.0/24" என்று சேர்த்தால் போதும். கேட்வே தானாக 10.0.3.2 ஆகிவிடும், முகவரி 10.0.3.15 ஆகிவிடும்.

ஆனால் உங்கள் வேலைக்கு இரண்டாவது யூசர் தேவையே இல்லை. பின்பக்கம் வேண்டியது இன்டர்நெட் அல்ல, இரண்டு விஎம்முக்கு நடுவில் ஒரு வயர். அதற்குச் "சாக்கெட்" இருக்கிறது. ரவுட்டர் விஎம்முக்கு இப்படி:

-நெட்டெவ் யூசர்,ஐடி=வெளி
-டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=வெளி,மேக்=52:54:00:10:00:01
-நெட்டெவ் சாக்கெட்,ஐடி=உள்,லிசன்=127.0.0.1:5555
-டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=உள்,மேக்=52:54:00:10:00:02

பின்னால் இருக்கும் விஎம்முக்கு ஒரே ஜோடி:

-நெட்டெவ் சாக்கெட்,ஐடி=உள்,கனெக்ட்=127.0.0.1:5555
-டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=உள்,மேக்=52:54:00:10:00:03

ஐடிக்கு "வெளி", "உள்" என்று நான் வைத்தது என் வசதிக்கு. கியூஎமு அதில் தமிழ் எழுத்தை ஏற்காது. ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும், அப்புறம் எண், புள்ளி, சிறு கோடு, அடிக்கோடு வரலாம். "நெட்0", "நெட்1" என்று வைப்பவர்கள்தான் அதிகம். நான் அப்படி வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது நெட்1 எந்தப் பக்கம் என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

லிசன் போட்ட விஎம்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். கனெக்ட் போட்டது முதலில் கிளம்பினால் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று விழுந்துவிடும். இன்னொன்று, ரவுட்டர் விஎம்மை உள்ளிருந்து ரீபூட் செய்தால் பிரச்சினை இல்லை, கியூஎமு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் கியூஎமுவையே நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், பின்னால் உள்ளது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அதையும் கிளப்ப வேண்டும். பழகும்போது இது எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்று நான்கு விஎம் ஒரே வயரில் வேண்டும் என்றால் லிசன், கனெக்ட் இரண்டையும் விட்டுவிட்டு எல்லாவற்றிலும் "எம்காஸ்ட்=230.0.0.1:1234" என்று ஒரே மாதிரி போட்டால் போதும், யார் முதலில் எழுந்தாலும் கவலை இல்லை.

மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்ணை, நான் ஏன் இவ்வளவு வம்பாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். அதற்கு ஒரு கதை இருக்கிறது, தவறு முழுக்க என்னுடையது.

காரைக்குடியில் சொந்தக்காரர் ஒருவருக்குப் பலகாரக் கடை. பில் போடும் பழைய மென்பொருள் புது கம்ப்யூட்டரில் ஓடாததால், முன்னால் கல்லாவில் ஒரு விஎம், பின்கட்டில் சரக்குக் கணக்குக்கு ஒரு விஎம் என்று கட்டிக் கொடுத்தேன். இரண்டும் வேறு வேறு கம்ப்யூட்டர், இரண்டும் பிரிட்ஜ் (விஎம்மை நேராக வெளி நெட்வொர்க்கில் சேர்க்கும் இணைப்பு) வழியாகக் கடை நெட்வொர்க்கில். பின்கட்டுக் கட்டளையை முன்கட்டுக்கு அப்படியே காப்பி அடித்தேன். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் பின்கட்டு மெஷினைச் சாயங்காலம்தான் போடுவார்கள், அதற்குள் கல்லாவில் கூட்டம் குறைந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டும் காலையிலிருந்து ஓட ஆரம்பித்தன. கல்லாவில் பில் பாதியில் நிற்கும். சரி என்று அங்கே போய்ப் பார்ப்பதற்குள் ஓடும், பின்கட்டில் நின்றுவிடும். வயரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். மணகோலமும் தேன்குழலும் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கிய மேசைக்கு நடுவில் உட்கார்ந்து கடைசியில் இரண்டு மெஷினிலும் கியூஎமு மானிட்டரை (திரை அல்ல, கியூஎமுவுக்கே கட்டளை தட்டும் இடம்) திறந்து "இன்ஃபோ நெட்வொர்க்" என்று தட்டி, திரையைப் போனில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 52:54:00:12:34:56.

மேக் சொல்லாவிட்டால் கியூஎமு முதல் கார்டுக்கு எப்போதும் கொடுப்பது அந்த எண்தான். இரண்டாவது கார்டுக்கு 57, மூன்றாவதுக்கு 58. ஒரே விஎம்முக்குள் மோதாது. ஆனால் உலகத்தில் உள்ள எந்த கியூஎமுவை எடுத்தாலும் மேக் சொல்லாத முதல் கார்டு 56தான். ஒரே சுவிட்சில் இரண்டு பேருக்கு ஒரே மேக் என்றால், கடைசியாகப் பேசியவர் இருக்கும் போர்ட்டுக்குத்தான் சுவிட்ச் எல்லாப் பாக்கெட்டையும் தள்ளும். கடை நடத்தும் ஆச்சியிடம் இதை விளக்க முடியவில்லை. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே வெலாசம் எழுதிட்டேன்" என்றேன், உடனே புரிந்துகொண்டார்.

உங்கள் லேப்டாப்பில் இரண்டே விஎம் என்றால் மேக் சொல்லாமலும் தப்பித்துவிடலாம். ரவுட்டரின் பின் கார்டு 57, அந்தப் பக்கம் 56, மோதாது. எம்காஸ்ட்டில் மூன்றாவது ஆள் வந்து சேரும் அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். இப்போதே எழுதிப் பழகுங்கள். எண்ணை நீங்களே உருவாக்கினால் 52:54:00 என்று தொடங்கிக் கடைசி மூன்று ஜோடியை மட்டும் மாற்றுங்கள். முதல் ஜோடியைக் கண்டபடி மாற்றி ஒற்றைப்படையில் முடித்துவிட்டால் அது மல்டிகாஸ்ட் முகவரி ஆகிவிடும், கெஸ்ட் அதைக் கார்டு முகவரியாக ஏற்காது.

இனி கெஸ்ட்டுக்குள். வெளிக் கார்டு டிஹெச்சிபியில் இருக்கட்டும். உள் கார்டுக்கு 192.168.50.1/24 என்று நீங்களே போடுங்கள், கேட்வே போடாதீர்கள். இது முக்கியம். இரண்டு கார்டு வைத்தவர்கள் செய்யும் பொதுவான தவறு இரண்டுக்கும் கேட்வே கொடுப்பது. அப்போது வெளியே போக இரண்டு டிஃபால்ட் பாதை உருவாகி, மெட்ரிக் (பாதையின் முன்னுரிமை எண்) எது குறைவோ அது ஜெயிக்கும். இன்றைக்கு ஜெயித்தது நாளைக்கும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. பின் விஎம்முக்கு 192.168.50.2, அதற்கு மட்டும் கேட்வே 192.168.50.1, டிஎன்எஸ் 10.0.2.3 கொடுத்தால் ரவுட்டர் வழியாகவே போய் வரும். ரவுட்டரில் ஐபி ஃபார்வர்டை (ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை மற்றதில் அனுப்பும் அனுமதி) 1 ஆக்கி, ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் வெளிக் கார்டுக்கு மாஸ்கரேட் (உள்ளிருந்து வருவதை ரவுட்டரின் முகவரியிலேயே வெளியே அனுப்புவது) ஒரு வரி. அவ்வளவுதான், இதில் கியூஎமுவுக்கு வேலை இல்லை.

எது வெளிக் கார்டு, எது உள் கார்டு என்று உள்ளே எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பலர் சறுக்குவார்கள். வழக்கமான பிசி மெஷின் வகையில் பிசிஐ வரிசையில் (கார்டுகள் செருகும் இடங்கள்) 0, 1, 2 என்ற முதல் மூன்று இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், திரைக்கான கார்டு உட்பட. அதனால் முதல் நெட்வொர்க் கார்டு 3-ஆம் இடத்தில் உட்காரும், பெயர் இஎன்எஸ்3. அடுத்தது இஎன்எஸ்4. ஆக, கட்டளையில் நீங்கள் எழுதிய வரிசைதான் பெயரைத் தீர்மானிக்கிறது. நாளைக்கு அந்த வரிகளுக்கு முன்னால் ஒரு டிஸ்க்கையோ சவுண்ட் கார்டையோ டிவைஸாகச் சேர்த்தால் பெயர்கள் நகர்ந்துவிடும், ஃபயர்வால் விதி எல்லாம் தப்பான கார்டில் போய் உட்காரும். கெஸ்ட்டுக்குள் பெயரை நம்பாமல் மேக்கைப் பார்த்து அமைப்பைக் கட்டுங்கள். அல்லது டிவைஸ் வரியில் "அட்ரஸ்" கொடுத்துப் பிசிஐ இடத்தையே ஆணி அடித்துவிடுங்கள். அதன் ஆங்கிலச் சுருக்கம் நான்கு எழுத்து, முழுச் சொல் அல்ல.

சந்தேகம் வந்தால் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நிஜமாகவே பிடுங்கலாம். மானிட்டரில் "செட்_லிங்க் உள் ஆஃப்" என்றால் அந்தக் கார்டின் வயர் கழன்றது போல் ஆகிவிடும். கெஸ்ட்டில் "ஐபி லிங்க்" தட்டினால் எந்தக் கார்டில் "நோ-கேரியர்" என்று வருகிறதோ அதுதான் உள் கார்டு. அப்புறம் ஆன் செய்துவிடுங்கள். பழகும் காலத்தில் இன்னொரு எளிய தந்திரம்: வெளிக் கார்டை இ1000 மாடலாகவும் உள் கார்டை விர்ட்டியோவாகவும் வையுங்கள். பிசிஐ பட்டியலைப் பார்த்ததுமே எது எது என்று தெரிந்துவிடும். வேகத்துக்கு விர்ட்டியோ மேல்தான். விண்டோஸ் கெஸ்ட் என்றால் அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும், இ1000-க்கு அந்தத் தொல்லை இல்லை.

பாக்கெட் எங்கே காணாமல் போகிறது என்றே தெரியவில்லை என்றால் ஃபில்டர்-டம்ப் இருக்கிறது. "-ஆப்ஜெக்ட் ஃபில்டர்-டம்ப்,ஐடி=எஃப்1,நெட்டெவ்=உள்,ஃபைல்=உள்.பிகேப்" என்று ஒரு வரி. அந்த வயரில் போய் வரும் எல்லாம் கோப்பில் விழும், வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம். கெஸ்ட்டுக்குள் எதையும் நிறுவ வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

பிங் போகவில்லை என்று உடனே எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள். யூசர் முறையில் 10.0.2.2-க்குப் பிங் போகும், வெளியே உள்ள முகவரிகளுக்குப் போவது ஹோஸ்ட் அமைப்பைப் பொறுத்தது. பிங் போகாமல் ஆப்ட் அப்டேட் அழகாக ஓடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் கர்ல் வைத்துச் சோதியுங்கள். வெளியிலிருந்து விஎம்முக்குள் எஸ்எஸ்எச் வேண்டும் என்றால் யூசர் வரியிலேயே "ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி=டிசிபி::2222-:22" சேர்த்துவிட்டு ஹோஸ்ட்டில் 2222-க்குப் போங்கள். அது கெஸ்ட்டில் 15-இல் முடியும் முகவரியைத்தான் தேடும். நீங்கள் கையால் வேறு முகவரி வைத்திருந்தால் கடைசி 22-க்கு முன்னால் அதையும் எழுத வேண்டும்.

யூசர் என்று எழுதியதும் அந்த பேக்எண்ட் இந்தப் பைனரியில் இல்லை என்று பிழை வந்தால் பயப்படாதீர்கள். 7.2-இலிருந்து ஸ்லர்ப்பை கியூஎமுவோடு சேர்த்துத் தருவதை நிறுத்திவிட்டார்கள். மூலத்திலிருந்து நீங்களே கட்டியிருந்தால் லிப்ஸ்லர்ப்பை முதலில் நிறுவிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பிரிட்ஜ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வயர் போட்ட கம்ப்யூட்டரில் அது அருமை, விஎம் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் தனி ஆளாக நிற்கும். "நெட்டெவ் பிரிட்ஜ்" போட்டு, ஹோஸ்ட்டில் கியூஎமுவின் பிரிட்ஜ் கோப்பில் அந்தப் பிரிட்ஜின் பெயருக்கு "அலவ்" என்று எழுதிவிட்டால் ரூட் இல்லாமலே ஓடும். ஆனால் நீங்கள் இருப்பது லேப்டாப்பில், அதுவும் போன் ஹாட்ஸ்பாட்டில். வைஃபை கார்டைப் பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தால் பெரும்பாலும் நடக்காது. வைஃபையில் கிளையண்டாகச் சேர்ந்திருக்கும் கார்டு தன் ஒரே மேக்கில்தான் பேச முடியும், பின்னால் இன்னொரு மேக்கை ஒளித்து வைத்துக்கொண்டு வந்தால் அக்சஸ் பாயின்ட் ஏற்காது. ஆகவே உங்களுக்கு வெளிப்பக்கம் யூசரே போதும்.

"-நிக்" என்று இன்னொரு குறுக்குவழியும் கண்ணில் படும், 2018-இல் 2.12 பதிப்பில் வந்தது. டிவைஸையும் நெட்டெவ்வையும் ஒரே வரியில் ஜோடியாகப் போட்டுவிடும், நடுவில் ஹப் கிடையாது. ஒரே கார்டு என்றால் நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் பிசிஐ இடத்தைச் சொல்வது போன்ற நுணுக்கங்களுக்கு அதில் இடம் இல்லை.

மூன்றாவது கார்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. இந்த இரண்டு ஜோடியையும் எழுதி ஓட்டிவிட்டு, மானிட்டரில் "இன்ஃபோ நெட்வொர்க்" தட்டுங்கள். ஒவ்வொரு கார்டின் வரிக்கும் கீழே ஒரு சாய்கோடு போட்டு அதன் நெட்டெவ் தொங்கும். வெளிக்குக் கீழே யூசர், உள்ளுக்குக் கீழே சாக்கெட் என்று இருந்தால் சரி. "ஹப் 0" என்று ஒரு வரி தெரிந்தால் பழைய "-நெட்" எங்கேயோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.